இருபத்தைந்து தாளும் திருப்தி

கை நடுங்கவில்லை என்ற குற்றத்துக்காக ஒரு பெண்ணை அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். கட்டடத்தை வைத்திருந்த வாரியத்துக்கு அது குற்றமாகப் பட்டது. மற்றவர்களுக்குப் படுமா என்று வாரியம் யாரையும் கேட்பதில்லை.

அவளை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் 'பதினாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாலாம் நம்பர் அறையில் வேலை செய்தாள், அதனால். கட்டடம் ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்தது. பதினாலாம் அறையில் அப்போது சோதனைக்கூடத்துப் பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. மூலையில் ஒரு தொட்டியும் குழாயும் உண்டு. அறை பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். இவள் மட்டும் கதவைச் சாத்திப் பார்த்து, துளி வெளிச்சம் வரவில்லை என்றதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஃபிலிம் கழுவுகிறவளுக்கு இருட்டும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்தால் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

அவள் வேலை இதுதான். பேருந்து நிலையத்தில் தூங்குகிறவர்களைப் பழைய ஃபிலிம் கேமராவில் எடுப்பாள். அவர்கள் கண் விழித்ததும் முதலில் என்ன சொல்கிறார்கள் என்று காத்திருந்து குறித்துக்கொள்வாள். அந்த வார்த்தையைத் தூரிகையால் காகிதத்தில் எழுதுவாள். புகைப்படத்தையும் எழுத்தையும் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் கோடும் வண்ணமும் சேர்த்து ஒரே படமாக்குவாள். பன்னிரண்டு படம் முடிந்திருந்தது. அதில் அவளுக்குப் பிடித்தது, சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிய ஒரு கடிகார ரிப்பேர்க்காரர். விழித்ததும் அவர் சொன்னது, "இன்னும் நேரம் இருக்கு." கடிகாரம் ஓடவில்லை.

கையால் எழுதிய எழுத்து, ஃபிலிம், கம்ப்யூட்டர் மூன்றையும் கலந்து படம் செய்கிறவர்களுக்குச் சான்றிதழ் தருவதற்காகவே ஏற்பட்டது கலப்புக் கலைத் தரநிர்ணய வாரியம். சான்றிதழ் இருந்தால் அறை உண்டு. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இந்த வருஷத்துக் கெடு, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை.

பதினாலு கடிகாரக்காரர் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே கவுன்டருக்குப் போனாள். கவுன்டர் எழுத்தர் படத்தை விரித்து, அதன் மேல் நூறு கட்டம் போட்ட ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்தார். பென்சில் முனையால் கட்டங்களை எண்ண ஆரம்பித்தார்.

"கைக்கு நாற்பது, ஃபிலிமுக்கு நாற்பது, கம்ப்யூட்டருக்கு இருபது. அதுதான் கணக்கு" என்றார். பாதியில் பென்சில் நின்றது. "இந்தக் கட்டத்துல எழுத்தும் இருக்கு, போட்டோவும் இருக்கே?"

"போட்டோ மேலதான் சார் எழுத்து போகுது."

"ஒரு கட்டத்துல ஒண்ணுதான் இருக்கணும்மா. இதை நான் எதுல எண்ணுறது?"

"கலப்புக் கலை வாரியத்துல கலக்கக் கூடாதா சார்?"

"தாராளமா கலக்கலாம். தனித்தனியா கலக்கணும்" என்று சொல்லி, அவர் படத்தை நிபுணரிடம் அனுப்பினார்.

நிபுணர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். படங்களை அப்படியே பார்ப்பது அவர் வழக்கம். அவர் நாற்காலிக்குப் பின்னால் வாரியத்தின் மாதிரிப் படம் ஒன்று தொங்கியது. எழுத்து அழகாக நடுங்கியது. புகைப்படத்தில் கீறலும் தூசியும் வைத்த இடத்தில் இருந்தன. முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்த படம் அது. செய்தவருக்கு வாரியம் பொன்னாடை போர்த்தியிருந்தது.

"குறைதான்மா கலை" என்று நிபுணர் தொடங்கினார். "நிறைவா இருந்தா அது மெஷின். மனுஷன்னா தப்பு பண்ணணும். நம்ம வாரியம் ஆறு வருஷம் ஆராய்ச்சி பண்ணி பதினாறு தப்பை அங்கீகரிச்சிருக்கு. உலகத்துல வேற எங்கயும் இது கிடையாது." படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். "இது என்ன, முடியா?"

"ஆமா சார். நெகடிவ் காயும்போது ஒட்டிக்கிச்சு. என்னோடதாத்தான் இருக்கும்."

"பட்டியல்ல முடி இல்லையே. தூசி இருக்கு, கீறல் இருக்கு, விளிம்பு கருகினது இருக்கு. முடிக்கு நாங்க எங்க போறது? அது போகட்டும். எழுத்துல நடுக்கமே இல்ல. இங்கயே எழுதிக் காட்டுங்க. ஒரே எழுத்து, பத்து தடவை."

பதினாலு பையிலிருந்து தூரிகையை எடுத்து, நின்றபடியே பத்து 'இ' எழுதினாள். பதினோரு வருஷமாக எழுதுகிற கை. பத்தும் ஒன்றன் மேல் ஒன்றை வைத்தால் பொருந்தும்போல் இருந்தன.

நிபுணர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பார்த்தீங்களா? பத்தும் ஒரே மாதிரி. கம்ப்யூட்டர்தான்."

"உங்க கண் முன்னாடிதானே சார் எழுதினேன்?"

"கண்ணால பார்க்கிறதை வெச்சு நாங்க முடிவு பண்றதில்லம்மா. தரநிர்ணயத்தை வெச்சுதான் பண்ணுவோம்." மேஜை டிராயரைத் திறந்து ஒரு பென் டிரைவை நீட்டினார். "இதுல பதினாறு தப்பும் இருக்கு. கம்ப்யூட்டர்ல உங்க படத்து மேல போட்டுட்டு வாங்க. கையால செஞ்ச மாதிரியே ஆயிடும்."

"நான் கையாலதான் சார் செஞ்சிருக்கேன்."

"அப்போ நேரடி ஆய்வுக்கு எழுதிக் கொடுங்க. மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார். ஆனா சொல்லிட்டேன், பென் டிரைவ்தான் சுலபம்."

அவள் எழுதிக் கொடுத்தாள். மதியம் அக்காவோடு சாப்பிடப் போனபோது விஷயத்தைச் சொன்னாள். அக்கா ஒரு பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். வாய்க்குள் விரல் போட்டுப் போட்டு அவளுக்கு மனிதர்கள் மேல் இருந்த மரியாதை போய்விட்டிருந்தது.

"கையை நடுக்கி எழுதிக் கொடுத்துட்டு வர வேண்டியதுதானேடி? ஒரு நாள் நடுங்கினா கை விழுந்துடுமா?"

"அறை போயிடும்னு பயமாத்தான்க்கா இருக்கு. ஆனா நடுக்கம் வரலையே."

"அவனுங்க மூஞ்சியைப் பார்த்தா எனக்கே நடுக்கம் வரும். சரி, அறை போச்சுன்னா எங்க கிளினிக்ல எக்ஸ்ரே கழுவுற அறை சும்மாதான் கிடக்கு. டாக்டர் எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்தினதிலிருந்து அதுல துடைப்பம்தான் குடியிருக்கு."

"துடைப்பத்தை ஏன் கிளப்பணும்? என் அறை எனக்கு இருக்கும்க்கா."

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். கூடவே கவுன்டர் எழுத்தர், கையில் ஒரு தோல் பையோடு. பதினாலாம் அறைக் கதவில், 'உள்ளே இருட்டில் வேலை நடக்கிறது. தட்டிவிட்டுக் காத்திருக்கவும்' என்று அவள் தூரிகையால் எழுதி ஒட்டியிருந்தாள். மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு நேராகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"சார், கதவுல எழுதியிருந்தேனே" என்றாள் பதினாலு.

"பார்த்தேன். நல்லா இருக்கு. ஆனா முத்திரை இல்லாத அறிவிப்பை நாங்க அலங்காரம்னுதான் எடுத்துக்குவோம்."

நல்லவேளை, அப்போது அவள் எதையும் திறந்து வைத்திருக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு சிவப்பு விளக்கை மட்டும் போட்டாள். புகைப்படத் தாளுக்குச் சிவப்பு வெளிச்சம் ஒன்றும் செய்யாது, சாதாரண வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் தாள் பாழ் என்று நிதானமாக விளக்கினாள். மேற்பார்வையாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுத்தர் இருட்டில் குறிப்பெழுதினார்.

"ரொம்ப சரி. அதனாலதான் விதி ஏழு இருக்கு" என்றார் மேற்பார்வையாளர். "வீட்டுலயே படத்தைப் பதிச்சு எடுத்துட்டு வந்து, இங்க செஞ்ச மாதிரி காட்டுற ஆளுங்க இருக்காங்க. நீங்க பண்ணுவீங்கன்னு சொல்லலை. ஆனா ஒவ்வொரு தாள்லயும் 'ஒளிபடாதது'ன்னு முத்திரை குத்தணும். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தத் தாள்ல மட்டும்தான் படம் செய்யணும். பெட்டியைத் திறங்க."

கையில் இருந்தது ஒரே பெட்டி. இருபத்தைந்து தாள். வேறு வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து வரவழைக்க மூன்று வாரம் ஆகும். சிவப்பு விளக்கில்தானே, பரவாயில்லை என்று திறந்தாள்.

மேற்பார்வையாளர் மை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று இருபத்தைந்து தாளையும் நீள மேஜையில் வரிசையாகப் பரப்பச் சொன்னார். தோல் பையிலிருந்து முத்திரையையும் மைப் பெட்டியையும் எடுத்தார். குத்தினார். குனிந்து பார்த்தார். மறுபடி குத்தினார்.

"என்னய்யா, மையே விழலை?"

எழுத்தர் குனிந்தார். "விழலைதான் சார். காய்ஞ்சு போச்சோ?"

"நேத்துதானே ஊத்தினேன்."

வாரியத்தின் மை சிவப்பு. சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளில் சிவப்பு மை தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் அந்தக் கட்டடம் பள்ளிக்கூடமாக இருந்த காலம் முடிந்து வெகு நாளாகிவிட்டது.

"சார், மை விழுந்திருக்கு, சிவப்பு வெளிச்சத்துல தெரியாது..." என்று பதினாலு ஆரம்பித்தாள்.

"விழுந்திருந்தா தெரியாம எப்படிம்மா இருக்கும்?" என்று அவர் இருபத்தைந்து தாளிலும் பலமாகக் குத்தி முடித்தார். ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்தார். "லைட்டைப் போடுயா."

அவள் பாய்வதற்குள் எழுத்தர் போட்டுவிட்டார். சுவிட்சுகளைப் பொறுத்தவரை அவர் மிகவும் சுறுசுறுப்பான ஆள்.

டியூப்லைட் பளீரென்று எரிந்தது. இருபத்தைந்து தாளிலும் சிவப்பு முத்திரை, தெளிவாக, நேராக: 'ஒளிபடாதது.' மேற்பார்வையாளர் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு தாளாகக் குனிந்து வெளிச்சத்தில் சரிபார்த்தார். ஆறு நிமிஷம் ஆயிற்று. பதினாலு சுவரில் சாய்ந்து நின்றாள். கத்தினால் என்ன ஆகப்போகிறது? தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

"எழுதிக்கய்யா. இருபத்தைந்து தாளும் ஒளிபடாதது. பார்த்தாச்சு, திருப்தி." கையெழுத்துப் போட்டார். வாசலில் திரும்பி, "இருட்டுல ரொம்ப நேரம் வேலை செய்யாதீங்கம்மா, கண்ணுக்குக் கெடுதல்" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கதவைச் சாத்தினாள். பிறகு, எதற்கென்று தெரியாமல், ஒரு தாளை எடுத்துப் படம் கழுவும் மருந்தில் போட்டாள். பாழாய்ப் போனதைக் கழுவித்தான் பார்ப்போமே என்ற வயிற்றெரிச்சலாக இருக்கலாம். தாள் மையிட்ட மாதிரி கறுத்துக்கொண்டே வந்தது. சிவப்பு மை தண்ணீரில் கரைந்து போனது. மை இருந்த இடத்தில் மட்டும் கறுப்பு ஏறவில்லை. சிவப்பு, வெளிச்சத்தைத் தடுத்து வைத்திருந்தது. கன்னங்கரிய தாளில், வெள்ளை வெளேரென்று ஒரே ஒரு வார்த்தை மிதந்தது: ஒளிபடாதது.

அவள் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அந்த முத்திரையை எப்போதோ யாரோ கையால்தான் செதுக்கியிருக்க வேண்டும். 'ஒ'வின் சுழி கொஞ்சம் சாய்ந்திருந்தது. 'ளி'யின் மேல்வளைவு மெலிந்து முடிந்தது. அந்தக் கட்டடத்தில் அவள் பார்த்ததிலேயே நல்ல எழுத்து அதுதான். மற்ற இருபத்துநான்கையும் கழுவினாள். குத்தின கோபத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வந்திருந்தது.

வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்தாள். இருபத்தைந்து கறுப்புத் தாளையும் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஒரு சுவர் மாதிரி அடுக்கினாள். சுவருக்குக் கீழே, நெகடிவிலிருந்து நேராக ஸ்கேன் செய்த கடிகாரக்காரரைத் தூங்க வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேல், தூரிகையால் காகிதத்தில் எழுதிய ஒரு வரியைக் குறுக்கே ஓட விட்டாள்: 'லைட்டைப் போடுயா.'

வெள்ளிக்கிழமை கவுன்டரில் எழுத்தர் கட்டத் தாளை வைத்து எண்ணப் பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் எல்லாம் இருந்தது. திருப்பித் தரக் கையை நீட்டியவர், நின்றார்.

"இதுல நம்ம முத்திரை இருக்கே. முத்திரை இருக்கிறதைத் திருப்பி அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்று சொல்லி, குழுவுக்கே அனுப்பிவிட்டார்.

குழுவில் மூன்று பேர். தலைவர், நிபுணர், மேற்பார்வையாளர். அவளை ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். படத்தை அரை மணி நேரம் பார்த்தார்கள். மேற்பார்வையாளருக்கு மட்டும் நெற்றி வியர்த்தது. லைட்டைப் போடச் சொன்ன அவர் வார்த்தையே படத்தில் குறுக்கே ஓடியது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "தாளுக்கு நீங்கதானே சான்று கொடுத்தது?"

"ஆமா சார். இருபத்தைந்தும் ஒளிபடாதது."

"சந்தேகம் இல்லையே?"

"லைட்டைப் போட்டே பார்த்தேன் சார்."

"நல்லது. வாரியத்தோட சான்று பொய்யா இருக்க முடியாது" என்றார் தலைவர். "இருபது வருஷமா அது பொய்யானதில்ல. ஏன்னா நாங்க திரும்பப் போய்ப் பார்க்கிறதில்ல. ஆக, தாள்ல ஒளி படலை. ஆனா படம் வந்திருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?"

அவரே பதிலும் சொன்னார்.

"ஒளி இல்லாம ஒளிப்படம் எடுக்க முடியும்னு அர்த்தம். இது கண்டுபிடிப்பு. நம்ம வாரியத்தோட கண்டுபிடிப்பு."

நிபுணர் கண்ணாடியை நெற்றியில் இன்னும் மேலே தள்ளினார். "நானே சொல்லணும்னு இருந்தேன்."

பதினாலு ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "சார், லைட் போட்டதாலதான் வந்துச்சு. மை இருந்த இடம் மட்டும் வெள்ளையா நின்னுடுச்சு. அதைத்தான் படத்துலயே எழுதியிருக்கேன்."

"அது கவித்துவம்மா" என்றார் நிபுணர், பரிவோடு. "நாங்க புரிஞ்சுக்கிட்டோம்."

"எழுத்து யாரோடது?" என்று தலைவர் கேட்டார்.

"முத்திரை வாரியத்தோடது சார்" என்றார் மேற்பார்வையாளர். அவர் நெற்றி இப்போது காய்ந்திருந்தது.

"குத்தின கை?"

"என்னோடது சார்."

"அப்போ கலைஞர் யாருன்னு நான் தனியா சொல்ல வேண்டியதில்ல."

தீர்மானம் பத்து நிமிஷத்தில் எழுதி முடிந்தது. மேற்பார்வையாளர் வாரியக் கலைஞராக அறிவிக்கப்பட்டார். ஆய்வைத் தொடர அவருக்குப் பதினாலாம் அறை ஒதுக்கப்பட்டது. படம் முன் கூடத்தில் மாட்டப்பட்டது, பழைய மாதிரிப் படத்தைவிட ஒரு சாண் உயரத்தில். அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. 'தொட்டியும் தண்ணீரும் கொடுத்து உதவியமைக்கு வாரியம் நன்றி தெரிவிக்கிறது. திங்கட்கிழமைக்குள் அறையைக் காலி செய்யவும்.'

திங்கட்கிழமை அவளும் அக்காவும் மருந்துப் புட்டிகளையும், படம் பெரிதாக்கும் கருவியையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பல் மருத்துவமனைக்குப் போனார்கள். துடைப்பங்கள் மொட்டை மாடிக்கு இடம் மாறின.

பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். "மருந்து நாத்தம் வருமாம்மா?"

"வரும் டாக்டர்."

"என் கிளினிக்ல அது புதுசா? அந்தக் கதவை நல்லாச் சாத்திக்கங்க, போதும்."

கதவு நன்றாகச் சாத்திக்கொண்டது. அடிப்பக்கம் துளி வெளிச்சம் இல்லை. குழாயில் தண்ணீர் பழைய இடத்தைவிட வேகமாக வந்தது. வெளியே ஒட்ட, அந்தக் கறுப்புத் தாள்களில் ஒன்றை எடுத்து, முத்திரைக்குக் கீழே வெள்ளை வண்ணத்தில் எழுதினாள்: 'கூப்பிடும்வரை உட்காரவும்.' பல்வலிக்காரர்கள் ஒருவரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. வலியில் இருக்கிறவனுக்கும் எழுத்து புரியும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் மேற்பார்வையாளர் அங்கே வந்து சேர்ந்தார். தோல் பை அவர் கையிலேயே இருந்தது. ஆண்டுக் கண்காட்சிக்கு இரண்டாவது படம் கேட்டிருந்தார்கள். பதினாலாம் அறையில் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு நானூறு தாளில் முத்திரை குத்திவிட்டு, படம் வரும் வரும் என்று இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வரவில்லை. மருந்தில் போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கலைஞர் கேட்கக் கூடாதல்லவா.

உள்ளே நெகடிவ் காய வைத்துக்கொண்டிருந்த பதினாலிடம் அக்கா கதவோரம் நின்று சொன்னாள்: "உன் ஆர்ட்டிஸ்ட் வந்திருக்காரு. ஏதோ தொழில் ரகசியம் கேட்கணுமாம்."

"கதவைத் திறக்கப் பார்த்தாரா?"

"கை வெச்சாரு. போர்டைப் படிங்கன்னேன். முத்திரையைப் பார்த்ததும் கையை எடுத்துட்டாரு. போய் உட்கார்ந்துட்டாரு."

"எங்க?"

"பல் பிடுங்க வந்தவங்க வரிசையில. ரெண்டு பேர் எழுந்து உள்ள போயிட்டாங்க. இவர் அசையலை."

பதினாலு வேலையை முடித்தாள். அவசரப்படவில்லை. பின்பக்கக் கதவு வழியாகப் போய் டீ குடித்தாள். திரும்பி வந்து முன்பக்கம் எட்டிப் பார்த்தபோது, வரிசையில் அவரைத் தவிர யாரும் இல்லை. பெஞ்சில் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு மேற்பார்வையாளர் தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் தோல் பை. அதன் மேல் இரண்டு கையும்.

அவள் உள்ளே போய்க் கேமராவை எடுத்து வந்தாள். கண்ணாடிக் கதவு வழியாகச் சாய்வாக நல்ல வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. முழங்காலிட்டு உட்கார்ந்து, தூரம் சரிபார்த்து, ஒரே ஒரு படம் எடுத்தாள். கேமரா 'க்ளக்' என்றது. அந்தச் சத்தத்தில் அவர் கண்ணைத் திறந்தார். எதிரே யார் இருக்கிறார்கள், இது எந்த இடம், என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னார்:

"பார்த்தாச்சு. திருப்தி."

பதினாலு பையிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டாள். அவளுடைய பதின்மூன்றாவது படத்துக்கு எழுத்து கிடைத்துவிட்டது.